சுண்டெலித் தோலிற் கண்ட புண்கள்: நோயறி வரலாற்றில் ஓர் அதிகாரம்

புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெருநகரங்களின் மருத்துவக் கல்லூரிகளையும் அங்கு விளங்கிய பேராசிரியர்களையும் முதற்கண் எடுத்துரைத்தல் வழக்கம். ஆயின் அவ்வரலாற்றின் பெருங்கிளையொன்று ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிறான்பி என்னுஞ் சிற்றூரிலே, பண்ணைக் கொட்டிலொன்றில் அடுக்கப்பெற்றிருந்த சுண்டெலிக் கூடுகளினிடையே தோன்றியது. அதனைத் தொடக்கி வைத்தவர் மருத்துவரல்லர்; பல்கலைக்கழகப் பட்டமேதும் பெற்றவருமல்லர். விற்பனைக்காகச் சுண்டெலி வளர்த்த ஒரு பெண்மணியார், தம் எலிகள் சிலவற்றின் தோலிற் கண்ட புண்கள் வழக்கமானவையல்ல என்பதை உணர்ந்து, அவை யாவையென அறிய விழைந்தமையே அத்தொடக்கமாகும்.

அபி லாத்றொப் என்னும் அவ்வம்மையார் 1868 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்திற் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர். அம்மையாரும் சிலகாலம் ஆசிரியத் தொழில் பார்த்து, உடல்நலக் குறைவால் அதனை விடுத்து, 1900 ஆம் ஆண்டளவிற் கிறான்பியிற் குடியேறினார். அங்கு நடத்திய கோழி வளர்ப்பு வாய்க்கவில்லை. பின்னர் சிறு விலங்குகளை வளர்த்து விற்கலானார். அக்காலத்திலே பலநிறச் சுண்டெலிகளை வீட்டிற் செல்லமாக வளர்ப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலராயிருந்தனர். உட்செவிக் குறைபாட்டினால் நேரே செல்லமாட்டாது வட்டமிட்டுச் சுழலும் யப்பானிய ‘நடனச் சுண்டெலி’கள் சிறப்பாக விரும்பப்பட்டன. அத்தகைய எலிச் சோடியொன்றே லாத்றொப் அம்மையாரின் பண்ணைக்கு வித்தாயிற்று.

மெண்டலின் பரம்பரை விதிகள் 1900 ஆம் ஆண்டில் மீளக் கண்டறியப்பட்டதும், அவ்விதிகள் பாலூட்டிகளுக்கும் பொருந்துமோவென ஆராய முற்பட்டோர்க்குச் சுண்டெலி வேண்டியதாயிற்று. ஹாவாட் பல்கலைக்கழகத்து வில்லியம் காசில் என்னும் பேராசிரியர் 1902 இல் கிறான்பியிலிருந்து எலிகளை வருவித்தார். செல்லப்பிராணிக் கடையாயிருந்தது ஆய்வுகூடங்களின் பண்டசாலையாக மாறியது. காலப்போக்கில் அங்கிருந்த சுண்டெலிகளின் தொகை 11,000 ஐ எட்டியது. கூடுகளைத் துப்புரவாக்க ஊர்ச் சிறுவர்க்கு மணிக்கு 7 சதம் கூலி கொடுக்கப்பட்டது. எலிகளுக்கு ஓற்சும் பிசுக்கோத்தும் உணவாயின. இவற்றையெல்லாம் நடத்திய அம்மையார் ஒவ்வோர் எலியின் குடிவழியையும் குறிப்பேடுகளில் எழுதிவந்தார் என்பதே யாவற்றினும் முதன்மையானது. வணிகர் பலர் வரவு செலவுக் கணக்கோடு நின்றுவிடுவர். இவரோ பிறப்பும் இறப்பும் நோயும் எழுதினார்.

1908 ஆம் ஆண்டளவிலே, எலிகள் சிலவற்றின் தோலில் வழக்கத்துக்கு மாறான தடிப்புகளும் புண்களும் தோன்றுதலை அம்மையார் கண்டார். எலி வளர்ப்போர்க்குத் தோற்புண் புதிதன்று. ஆண் எலிகள் தம்முட் பொருது கடித்த காயம், சிற்றுண்ணியாற் சொறிந்த புண், கூட்டின் கம்பி கீறிய வடு என்பன நாளாந்தம் காணப்படுவன. பிறிதொரு வளர்ப்பாளராயின் நோயுற்ற எலிகளைக் கொன்று, கூட்டைக் கழுவி, அத்துடன் அமைந்திருப்பர். அம்மையார் அப்புண்களின் மாதிரிகளைத் தம்மிடம் எலி வாங்கும் ஆராய்ச்சியாளர் பலர்க்கு அனுப்பி விளக்கங் கேட்டார். அவருள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து நோயியலறிஞரான லியோ லோப் அம்மாதிரிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்து, அவை புற்றுநோய்க் கட்டிகளே எனத் துணிந்தார்.

இங்கு ஒரு நுட்பம் கருதற்பாலது. தோலிற் காணப்படுவதெல்லாம் தோலின் நோயன்று. மனிதருக்கு முலைச்சுரப்பி மார்பின் ஒரு சிறு பகுதியில் அடங்கும். சுண்டெலிக்கோ ஐந்து சோடி முலைச்சுரப்பிகள் உள. அவற்றின் இழையம் கழுத்துப் புறத்திலிருந்து விலாப்பக்கம் வரை தோலின் கீழே பரந்து கிடக்கும். ஆதலாற் கழுத்தருகிலோ தோளருகிலோ தோல் புடைத்து வெடித்திருப்பின், அது முலைப்புற்றாக இருத்தல் கூடும். வெறுங்கண்ணுக்கு அது சீழ்க்கட்டிபோலவே தோன்றும். கீறிப் பார்த்து, இழையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டி நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. லோப் அறிஞரும் லாத்றொப் அம்மையாரும் பின்னர் ஆராய்ந்தவற்றுட் பெரும்பாலானவை இம்முலைப்புற்றுக்களேயாம்.

இவ்விருவரும் சேர்ந்து 1913 முதலாகப் பத்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். லோப் இதற்கிடையில் செயின்ற் லூயிஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டமையால் எலிகள் கிறான்பியிலும் அறிஞர் வெகுதூரத்திலுமாக ஆராய்ச்சி நடந்தது. சில எலிக் குடிகளிற் புற்று மிகுதியாகவும் வேறு சிலவற்றில் அரிதாகவும் தோன்றுகின்றமையை அம்மையாரின் குறிப்பேடுகள் தெளிவாகக் காட்டின. நோய்க்கும் பரம்பரைக்கும் தொடர்புண்டென்பது அதனாற் பெறப்பட்டது. பல முறை கருவுற்ற பெண் எலிகளிற் கட்டி மிகுவதும், இளமையிற் சூலகம் நீக்கப்பட்டவற்றில் அது வெகுவாகக் குறைவதும் புலனாயின. கிளாஸ்கோ நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் ஜோர்ஜ் பீற்சன் 1896 இலேயே மார்புப் புற்றுற்ற பெண்கள் சிலருக்குச் சூலகத்தை அகற்றிப் பயன் கண்டிருந்தார். ஆயினும் ஓமோனுக்கும் புற்றுக்குமுள்ள தொடர்பை நூற்றுக்கணக்கான விலங்குகளின் வாழ்க்கைக் கணக்கோடு காட்டிய பெருமை இக்கட்டுரைகளுக்கு உரியது. அம்மையாரின் பெயர் உதவியாளர் வரிசையிற் சேர்க்கப்படாது இணையாசிரியராகவே அச்சேறியமை லோப்பின் நேர்மைக்குச் சான்று. அக்காலத்துக்கு அது சிறிதன்று.

லாத்றொப் அம்மையார் 1918 இல் இரத்தச்சோகை நோயினாற் காலமானார். அவருடைய எலிகளோ பெருகின. காசிலின் மாணாக்கரான கிளாரன்ஸ் குக் லிற்றில் என்பார் கிறான்பியிலிருந்து வந்த 57 ஆம் இலக்கப் பெண் எலியின் வழியை உடன்பிறந்தாரோடு புணர்த்திப் புணர்த்தித் தூய்தாக்கி, 1921 அளவிற் கறுப்பெலி இனமொன்றை உருவாக்கினார். ‘சி 57 கறுப்பு’ எனப்படும் அவ்வினத்தின் ஆறாம் கிளையே இன்று உலக ஆய்வுகூடங்களில் மிகுதியும் பயன்படுவது. 2002 இல் சுண்டெலியின் முழுப் பரம்பரைத் தொடர் வெளியிடப்பட்டபோது எடுத்துக்கொள்ளப்பட்டதும் அவ்வினமே. லிற்றில் 1929 இல் மேயின் மாநிலத்துப் பார் ஹாபரில் ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார்.

தோலிலே தானாகத் தோன்றும் புண்ணைக் கண்டறிவது ஒருவகை. தோலிலே வேண்டுமென்று புண்ணைத் தோற்றுவித்து அதனை ஆராய்வது பிறிதொருவகை. இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொற் 1775 இல் புகைக்கூண்டு துடைக்குஞ் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களின் விதைப்பையிற் புற்று உண்டாவதைக் கண்டு, புகைக்கரியே அதன் காரணமென எழுதினார். அதனை விலங்கிற் செய்துகாட்ட முயன்றோர் பலர். பொறுமையின்மையால் யாவருந் தோற்றனர். தோக்கியோவில் யமகிவா, இச்சிக்காவா என்னும் இருவர் முயல்களின் காதின் உட்புறத்தில் நிலக்கரித்தாரை மாதக்கணக்காக இடைவிடாது பூசி, 1915 இற் புற்றினை உண்டாக்கினர். முயலைக் கொறிவிலங்கோடு சேர்த்தெண்ணும் வழக்கம் விலங்கியலாரிடை 1912 வரையும் நிலவியது. முயல் வேறு வருணம் என்பது அப்போதுதான் துணியப்பட்டது. சில ஆண்டுகளுள், 1918 இல், தாரைச் சுண்டெலியின் முதுகிற் பூசியும் புற்று உண்டாக்கலாமென்பதைச் சுச்சுயி என்னும் மற்றொரு யப்பானியர் காட்டினார். அன்றுதொட்டுச் சுண்டெலியின் மயிர் மழித்த முதுகு ஓர் ஆய்வுக் கருவியாயிற்று. இலண்டனில் ஏணஸ்ற் கெனவேயின் குழுவினர் இரண்டு தொன் நிலக்கரிக் கீலினைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எலித்தோலிற் பூசிப் பார்த்து, 1933 இல் பென்சோபைரீன் என்னும் ஐதரோகாபனைத் தனித்தெடுத்தனர். நச்சுப்பொருளைக் காட்டிக் கொடுத்தவற்றுள் எலியின் தோலே தலையாயது.

தோலிற் பூசி உண்டாக்கிய கட்டியை நோயறிவதிலும் இடர் உண்டு. முதலில் எழுவது பெரும்பாலும் மருப்போன்ற பாப்பிலோமா, அது புற்றன்று. பூசுதலை நிறுத்தினால் அவற்றுட் பல தாமே உதிர்ந்துபோம். சில மாத்திரம் வேரூன்றிப் புற்றாகும். எது புற்று, எது மரு என்பதைத் தோலின் மேற்பரப்பு காட்டாது. மேற்றோற் கலங்கள் தம் அடித்தளப் படலத்தைக் கிழித்துக்கொண்டு கீழிறங்கி, சுண்டெலியின் தோலுக்கடியில் விரிந்துள்ள மெல்லிய தசைப்படையை ஊடறுத்தனவா என்பதை நுணுக்குக்காட்டியிற் பார்த்தே தீர்ப்புக் கூறவேண்டும். இவ்வேறுபாட்டைப் பேணாமையால் விளைந்த தவறு சிறிதன்று. டென்மார்க்கு நாட்டு யோகான்னஸ் பிபிகர் கரப்பான் பூச்சிவழிப் புழுத் தொற்றிய எலிகளின் இரைப்பையிற் கண்ட தடிப்புகளைப் புற்றெனக் கொண்டு 1926 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். அத்தடிப்புகள் விற்றமின் ஏ குறைபாட்டோடு சேர்ந்த இழைய மிகைவளர்ச்சியென்பது பின்னர் தெளிவாயிற்று. அதே காலத்தில் யமகிவாவின் பெயரும் பரிசுக்கு முன்மொழியப்பட்டிருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. இரைப்பை இங்குப் பேசுபொருளன்று எனினும், விலங்கின் புண்ணை நோயறிதல் எத்துணை ஆழமாகப் பார்க்க வேண்டியதோர் கலை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இவ்வெலித்தோல் ஆராய்ச்சி ஆய்வுகூடச் சுவரைக் கடந்து நாட்டின் கடைத்தெருவையே உலுக்கிய ஆண்டு 1953. லோப் முன்னர் பணியாற்றிய செயின்ற் லூயிஸ் நகரத்து வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திலே ஏணஸ்ற் வைண்டர், எவாற்ஸ் கிறகாம் என்போர் சிகரற்றின் புகையைக் குளிரச் செய்து பெற்ற தாரை அசற்றோனிற் கரைத்து, மழித்த எலிமுதுகுகளில் வாரந்தோறும் மும்முறை பூசிவந்தனர். பூசப்பெற்ற 81 எலிகளுள் நூற்றுக்கு 44 பங்கில் புற்று உண்டாயிற்று. மருவை அவர்கள் புற்றோடு சேர்த்து எண்ணவில்லை. நுணுக்குக்காட்டியால் உறுதி செய்யப்பட்டனவே அக்கணக்கிற் சேர்ந்தன. அந்த எண்ணிக்கையின் வலிமை அக்கண்டிப்பிலேதான் தங்கியிருந்தது. புகையிலை வணிகர் 1954 தை மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, எலியிற் கண்டது மனிதருக்குப் பொருந்தாதென்னும் ஐயத்தைப் பரப்பினர். அவர்கள் அமைத்த ஆராய்ச்சிக் குழுவின் விஞ்ஞான இயக்குநராக அதே ஆண்டில் அமர்ந்தவர் யார்? ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவிய கிளாரன்ஸ் குக் லிற்றில். லாத்றொப் அம்மையாரின் எலியிலிருந்து உலகப் புகழ்பெற்ற இனத்தை ஆக்கியவர், எலியின் முதுகு பகர்ந்த சாட்சியை ஏற்க மறுத்தார். புற்று பரம்பரையால் வருவதென்னுங் கொள்கையில் ஊறிய உள்ளம் புறக்காரணத்துக்கு இடங்கொடுக்கவில்லைப் போலும். கிறகாம் தாமே நெடுங்காலம் சிகரற் பழக்கமுடையவராயிருந்தவர். 1957 இல் நுரையீரற் புற்றினால் இறந்தார்.

இனித் தொற்றுநோய்க்கு வருவோம். 1930 இல் இலண்டன் ஆய்வுகூட மொன்றின் சுண்டெலிகளிடையே புதுநோய் பரவிற்று. எலிகளின் பாதம் வீங்கிப் புண்ணாகிக் கறுத்து, சிலவற்றில் அற்றே வீழ்ந்தது. மார்ஷல் என்னும் ஆய்வாளர் அதனை விவரித்து, உறுப்பிழப்பைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லால் ‘தொற்று எக்றோமீலியா’ எனப் பெயரிட்டார். கால் அறுதலே கண்ணைக் கவர்ந்தமையால் பெயரும் அதிலேயே நின்றது. நோயின் இயல்போ வேறு. 1946 இல் மெல்பேணில் மக்பார்லேன் பேணற் குழுவினர் அவ்வைரசு அம்மைப்பால் வைரசுக்கு உறவானது எனக் காட்டினர். அவரிடஞ் சேர்ந்த பிராங் பென்னர் எலியின் பாதத்தில் வைரசைச் செலுத்தி, நாள்தோறும் சில எலிகளை ஆராய்ந்து, அது செல்லும் வழியைப் பின்தொடர்ந்தார். முதலிற் பாதத்தின் தோலில் ஒரு சிறு புண்; அங்கிருந்து நிணநீர்க்கணு; பின் குருதிவழியே ஈரலும் மண்ணீரலும்; அங்குப் பெருகிய வைரசு மீண்டும் குருதியிற் கலந்து தோலை அடைகின்றது. அதன் பின்னரே உடலெங்கும் கொப்புளம் எழும். ஆகவே உடலிற் பரந்த கொப்புளம் நோயின் தொடக்கமன்று. உள்ளே நடந்து முடிந்த போரின் அறிவித்தல். 1948 இல் வெளிவந்த அவ்விளக்கம் பெரியம்மை, சின்னமுத்து முதலிய மனித நோய்களில் தொற்றுக்கும் வடுவுக்குமிடையே பல நாள் ஏன் கழிகின்றன என்பதற்கு விடையாயிற்று. எலியம்மை என்னும் பெயரும் அவரால் நிலைபெற்றது. அதே பென்னர் முப்பது ஆண்டின் பின்னர் பெரியம்மை ஒழிப்பைச் சான்றுபடுத்திய உலக ஆணைக்குழுவின் தலைவரானார். 1980 வைகாசியில் அவ்வொழிப்பு உலக சுகாதாரப் பேரவையில் அறிவிக்கப்பட்டது.

எலியம்மை மற்றொரு பாடத்தையுந் தந்தது. 1979, 1980 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் பல ஆய்வுகூடங்களில் அது புகுந்து எலிக் கூட்டங்களை அழித்தது. எளிதிற் பீடிக்கப்படும் சில இனங்கள் கொப்புளம் எழுமுன்னரே இறந்துபோயின. சி 57 கறுப்பினமோ வைரசைத் தாங்கி, வெளிக்குறி பெரிதுங் காட்டாமலே பிழைத்து நின்றது. தோலையே நம்பியிருந்தவர்க்கு இவ்விரு வகையிலும் சான்று கிட்டாது. இறந்தது ஒன்று, நலமாய் நிற்பது மற்றொன்று, நோயை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது நலமாய் நிற்பதே. குருதியிற் பிறபொருளெதிரி தேடுதலும், எளிதில் நோயேற்கும் எலிகளைக் காவலெலிகளாக அதே அறையில் வைத்துப் பார்த்தலும் இன்று ஆய்வுகூட வழக்கத்திலுள.

பெருநோய்கள் எப்பொழுதும் வருவனவல்ல. விலங்குக் கொட்டிலிற் பணிபுரிவோர் நாளாந்தங் காணும் தோற்குறிகள் எளியன. எனினும் மயக்கந் தருவன. மீசைமயிரும் முகமயிரும் கத்தரித்தாற்போல் நீங்கி, தோல் மாத்திரம் செம்மையோ சொறியோ இன்றி வழுவழுப்பாயிருப்பின், கூட்டுத்தோழி பல்லால் மயிரை அறுத்திருக்கிறது என்று கொள்ளல் வேண்டும். புண் வாலடியிலும் புட்டத்திலும் இருப்பின் ஆண் எலிகளின் சண்டை. வட்டமாக மயிருதிர்ந்து செதில் படர்ந்தால் பங்கசு ஐயுறப்படும். அது எலியைத் தொடும் பணியாளனின் கைக்கும் வரும். பால்குடி எலிக்குஞ்சின் வாலில் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்து நுனி அறுமாயின், நோய் எலியிடம் இல்லை, அறையின் காற்றிலுள்ளது. ஈரப்பதன் குறைந்த குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் அது மிகுதி. எலியின் கண்ணையும் மூக்கையுஞ் சுற்றிச் செந்நிறம் கசிந்து காய்ந்திருப்பதைக் கண்டு குருதி என அஞ்சுவாருமுளர். அது கண்ணின் பின்னுள்ள சுரப்பி சுரக்கும் செந்நிறப் போபிரின் என்னும் பொருள். ஊதாக் கடந்த ஒளியிற் பிடித்தால் அது ஒளிரும், குருதி ஒளிராது. சிற்றுண்ணியைத் தேடுவோர் ஒட்டுநாடாவை மயிரில் அழுத்தி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைப்பர். இறந்த எலியைக் கறுப்புத் தாளின்மேற் கிடத்திக் காத்திருத்தல் இன்னும் எளிது. உடல் குளிரக் குளிர உண்ணிகள் மயிர்நுனிக்கு ஏறிவரும்.

இவற்றுள் அறிஞரை இன்றும் அலைக்கழிப்பது சி 57 கறுப்பினத்துக்கே பெரிதும் உரிய தோலழற்சிப் புண். நடுத்தர வயதடைந்த எலி, பெரும்பாலும் பெண் எலி, தோள்களுக்கிடையிலும் பிடரியிலும் ஓயாது சொறியத் தொடங்கும். பின்னங்கால் நகம் தோலைக் கிழிக்கும். கிழிந்த இடத்திற் பற்றீரியா குடியேறும். புண் ஆறும் முன்னரே மீண்டுஞ் சொறியும். உண்ணியால் வந்ததெனப் பலரும் முதலில் ஐயுறுவர்; உண்ணி அற்ற தூய கூட்டங்களிலும் அது தோன்றுகின்றது. பரம்பரை, உணவின் கொழுப்பு, வயது, பருவம் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள. மருந்துக் களிம்புகள் பல பூசிப் பார்க்கப்பட்டன. பயன் தந்தவற்றுள் ஒன்று வியப்பாக எளியது. எலியின் பின்னங்கால் நகங்களை வெட்டிவிடுதல் என்பதே அது. நகமின்றேல் கிழிப்பில்லை, கிழிப்பின்றேல் தோல் தானே மூடிக்கொள்ளும். கிறான்பிக் கொட்டிலின் 57 ஆம் இலக்க எலியின் வழித்தோன்றல்களே இவை என்பதையும், அவ்வினத்தின் மூதாதையர் வாழ்ந்த இடத்திலேயே தோற்புண்ணைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதென்பதையும் ஒருங்கு நினைத்தல் வரலாற்று மாணவர்க்கு இன்பந் தருவது.

தோலின் குறியைப் படிக்குங் கலை பொய்யையும் படிக்க வல்லது என்பதற்கு 1974 ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உளது. ஓருயிரின் தோலை மற்றோருயிரில் ஒட்டினால் உடல் அதனைத் தள்ளிவிடும்; பரம்பரை ஒத்த எலிகளிலன்றி ஒட்டு நிலைபெறாது. நியூயோர்க்கின் சுலோன் கெற்றறிங் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த வில்லியம் சம்மர்லின், தோலைச் சில வாரம் உடலுக்குப் புறத்தே ஊட்டத் திரவத்தில் வளர்த்து ஒட்டினால் அது தள்ளப்படாதென முழங்கினார். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அது புதுவழி திறக்கும் என்று பலர் நம்பினர். எனினும் பிற ஆய்வுகூடங்களில் அது மீளச் செய்யப்படவில்லை, வினாக்கள் எழுந்தன. 1974 பங்குனி 26 ஆம் நாட் காலை, நிறுவனத்தின் தலைவர் றொபேட் குட்டைக் காணச் செல்லும் வழியில், சம்மர்லின் தம்முடன் கொண்டுசென்ற வெள்ளை எலிகளுள் இரண்டின் ஒட்டுப் பகுதியைத் தடித்த நுனியுடைய கறுப்பு மைப்பேனாவாற் கருமையாக்கினார். கறுப்பெலியின் தோல் வெள்ளெலியில் உயிரோடு நிலைத்ததுபோல் அது தோன்றிற்று. மேல்மாடியிற் பார்த்த பெரியோர் அதனை ஐயுறவில்லை.

எலிகளைக் கூட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அவற்றை நாளும் பேணும் ஆய்வுகூட உதவியாளர் அக்கருநிறத்தைப் பார்த்தார். ஒட்டு நலமாயின் அதிலிருந்து கறுப்பு மயிர் வளரும். தோலின் கருமையோ இழையத்தினுள் ஊறியிருக்கும். இங்கோ நிறம் மேலே படிந்து கிடந்தது. அவர் அற்ககோலில் நனைத்த பஞ்சினால் அதனைத் துடைத்தார். நிறம் பஞ்சில் ஏறிற்று. செய்தி அன்றே மேலிடத்துக்குச் சென்றது. சம்மர்லின் பணியினின்றும் இடைநிறுத்தப்பட்டார். ஒரு குழு விசாரித்து வைகாசியில் தன் முடிபை வெளியிட்டது. தோல் ஒட்டின் இயல்பை உலகுக்கு உணர்த்தியமையால் நோபெல் பரிசு பெற்ற பீற்றர் மெடவார் அந்நிறுவனத்தின் ஆலோசகருள் ஒருவராய், சம்மர்லின் முன்னர் காட்டிய முயல்களின் கண்ணொட்டினை நேரிற் பார்த்திருந்தார். அம்முயல்களில் அறுவை செய்த அடையாளமே இல்லையெனத் தமக்குத் தோன்றியும் அவையில் வாய் திறக்கத் துணியவில்லை என்று பின்னர் தாமே எழுதினார்.